போட்டிக்கு ரோடு பைக்கா, டிரை பைக்கா? வேலூர்ச் சாலைகளை வைத்து ஒரு விளக்கம்

வேலூரில் "பைக் வாங்கப் போகிறேன்" என்றால் எத்தனை சிசி என்று கேட்பார்கள். "டிரை சைக்கிள்" என்றாலோ தண்ணீர் கேன் ஏற்றிப்போகும் மூன்று சக்கர வண்டிதான் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரையில் ரோடு பைக், டிரை பைக் என்று வருவதெல்லாம் பெடல் மிதிக்கிற இரண்டு சக்கர சைக்கிள்தான். டிரை என்பது டிரையத்லானின் சுருக்கம்: நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் கடிகாரத்தை நிறுத்தாமல் அடுத்தடுத்து முடிக்கும் போட்டி. ஒலிம்பிக் தூரம் என்றால் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். அயர்ன்மேன் 70.3 என்றால் 1.9, 90, 21.1. கோவாவில் 2019இல் தொடங்கிய போட்டி இந்த இரண்டாவது வகை. நம் பக்கத்திலிருந்து போகிறவர்களில் பலருக்கு முதல் பெரிய இலக்கும் அதுதான்.

முதலில் உருவம். ரோடு பைக்கின் ஹேண்டில்பார் கடாக்கொம்பு போல முன்னால் போய்க் கீழே வளையும். பிரேக்கும் கியரும் ஒரே லீவரில் இருக்கும். மேல் பட்டை, பிரேக் லீவரின் தலைப்பகுதியான ஹூட், கீழ் வளைவான டிராப் என்று கைக்கு மூன்று இடங்கள். ஹூட்டிலோ டிராப்பிலோ இருக்கும்போது பிரேக் விரலுக்கு எட்டும்.

டிரை பைக்கில் தட்டையான ஒரு பார், அதன் இரு முனையிலும் பிரேக். நடுவிலிருந்து இரண்டு குழாய்கள் முன்னோக்கி நீளும். எக்ஸ்டென்ஷன் என்பது இதுதான். முழங்கைக்குச் சற்று முன்னால் கையைத் தாங்க இரண்டு பேட். கியர் லீவர், குழாயின் நுனியில். அதாவது கியர் ஓரிடத்தில், பிரேக் வேறிடத்தில். பின்னால் சொல்லப்போகிற பல சிக்கல்களுக்கு வேர் இதுதான். எலெக்ட்ரானிக் கியர் உள்ள வண்டிகளில் இரண்டு இடத்திலும் பொத்தான் வைக்கலாம், ஆனால் விலை வேறு உயரத்துக்குப் போய்விடும்.

கண்ணுக்கு உடனே தெரியாத வித்தியாசம், சீட்டைத் தாங்கும் குழாயின் சாய்வு. ரோடு பைக்கில் அது தரையோடு 72 முதல் 74 டிகிரி. டிரை பைக்கில் 76 முதல் 80 வரை, சிலவற்றில் அதற்கும் மேல். நாலைந்து டிகிரியில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை முழங்கால் பக்கம் கொண்டுபோய்க் குனிந்து, அப்படியே ஒரு காலை மேலே தூக்கிப் பாருங்கள். தொடை வயிற்றில் இடிக்கும், மூச்சு முட்டும். ரோடு பைக்கில் அப்படியே குனிந்தால் நடப்பது இதுதான். டிரை பைக் இடுப்பை முன்னுக்குத் தள்ளி, பெடல் அச்சை மையமாக வைத்து உடம்பு முழுவதையும் முன்பக்கம் சுழற்றிவிடுகிறது. முதுகு தரைக்கு இணையாகப் படுத்தாலும் தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள கோணம் நிமிர்ந்து உட்கார்ந்தபோது இருந்த அளவிலேயே நிற்கும். தாழ்ந்து படுத்தும் மிதிக்க முடிவதன் ரகசியம் இந்தக் கோணம்தான். கார்பன் ஃபிரேம், உயர்ந்த ரிம் எல்லாம் இதற்கு அடுத்த வரிசை.

படுப்பதால் என்ன லாபம்? சமதளத்தில் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் உங்கள் உழைப்பில் பெரும்பங்கைக் காற்று தின்றுவிடும். அந்தக் காற்றை மறிப்பதில் சைக்கிளைவிட உங்கள் உடம்புக்குத்தான் பங்கு அதிகம். காற்றை வெல்லத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்: 30இலிருந்து 35 கி.மீ.க்குப் போக, காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். 70 கிலோ ஆள், 9 கிலோ சைக்கிள், காற்றில்லாத சமதளச் சாலை, பெடலில் 180 வாட். ஹூட்டில் கைவைத்து உட்கார்ந்தால் மணிக்குச் சுமார் 32 கி.மீ.; எக்ஸ்டென்ஷனில் ஒழுங்காகப் படுத்தால் சுமார் 35. நாற்பது கிலோமீட்டரில் ஏறக்குறைய ஆறரை நிமிடம், தொண்ணூறில் பதினாலரை நிமிடம் மிச்சம். அதே கால், அதே மூச்சு. அதனால்தான் ஆசை வருகிறது.

இந்த ஆசை புதிதும் அல்ல. 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள் 24.5 கி.மீ. டைம் ட்ரையலில் (ஒவ்வொருவரும் தனித்தனியே கடிகாரத்தோடு ஓட்டுவது), 50 விநாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட் டிரையத்லான்காரர்கள் அதற்கு முன்பே ஓட்டிக்கொண்டிருந்த எக்ஸ்டென்ஷனைப் பூட்டிக்கொண்டு வந்தார். முன்னிலையில் இருந்த லாரன்ட் ஃபிக்னான் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் வந்தார். மொத்தப் போட்டியையும் லெமாண்ட் 8 விநாடியில் வென்றார். கவனியுங்கள், அவருடையது பாரின் மேல் தனியாகப் பூட்டும் எக்ஸ்டென்ஷன். இதற்குத் திரும்பி வருவோம்.

இப்போது அதே கணக்கை ஏலகிரிக்குக் கொண்டுபோவோம். பதினாலு கொண்டை ஊசி வளைவு, வளைவுக்கு வளைவு புலவர், வள்ளல் பெயர். ஆறு சதவீத ஏற்றத்தில் அந்த 180 வாட் உங்களை மணிக்கு 12 கி.மீ. சுமாருக்குத்தான் இழுக்கும். அந்த வேகத்தில் காற்றுக்குப் போவது பத்து வாட்கூட இல்லை. படுத்தாலும் நிமிர்ந்தாலும் வித்தியாசம் கைக்குத் தெரியாது, எடை தெரியும். டிரை பைக் பொதுவாக அதே விலை ரோடு பைக்கைவிடக் கனம். கியரும் சமதளத்துக்கு ஏற்றதாகவே வரும்: முன்னால் 52க்கு 36 பல், பின்னால் அதிகபட்சம் 28 என்றால் ஏழாவது வளைவிலேயே தொடை பேசும். மலைக்கு முன்னால் 34, பின்னால் 32 கேட்டு வாங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் வில்லங்கம். வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்க டிரை பைக்கில் தட்டைப் பாரைப் பிடித்தே இறங்க வேண்டும். உடல் எடை முன்சக்கரத்தின் மேல் விழுந்து பின்சக்கரம் லேசாகும். எதிரே சுற்றுலா வேன் நடுக்கோட்டைத் தாண்டி வரும்போது டிராப்பைப் பிடித்திருப்பவர் கை பிரேக்கிலேயே இருக்கும். ஜவ்வாதுமலையில் காவலூர்ப் பக்கம் போகிறவர்களுக்கும் இதே சொல்தான்.

விதி என்ன சொல்கிறது

வாங்குவதற்கு முன்னால், எந்தப் போட்டிக்கு என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் ரோடு ரேஸில் எக்ஸ்டென்ஷனுக்கு இடமே இல்லை. கூட்டத்தின் நடுவில் பிரேக்கிலிருந்து கையை எடுத்தவர் பின்னால் வருகிற இருபது பேரையும் சேர்த்துக் கவிழ்ப்பார். எக்ஸ்டென்ஷன் இல்லாமல் வெறும் பாரின் மேல் முழங்கையை ஊன்றிப் போவதைக்கூட உலக சைக்கிள் சங்கமான யூசிஐ 2021 ஏப்ரலில் தடை செய்துவிட்டது. இந்தியக் கூட்டமைப்பின் போட்டிகளும் யூசிஐ விதிப்படிதான். தனித்தனியே ஓட்டும் டைம் ட்ரையலில் எக்ஸ்டென்ஷன் உண்டு. ஆனால் சீட் முனை எங்கே இருக்கலாம், குழாய் எவ்வளவு நீளலாம், வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று அளவுகள் இருக்கின்றன. டிரையத்லானுக்கென்று செய்த ஃபிரேம் எல்லாம் அதில் தேறாது. டைம் ட்ரையல் வண்டியும் டிரை பைக்கும் பார்க்க ஒன்றுபோலிருந்தாலும் ஒன்றல்ல.

டிரையத்லானிலும் இரண்டு வகை. முன்னால் போகிறவரின் முதுகுக் காற்றுமறைவில் ஒட்டிக்கொண்டு போகலாம் என்று அனுமதிக்கும் போட்டி ஒன்று. ஒலிம்பிக்கில் நடப்பது இது. அதில் ரோடு பைக் மட்டும்தான். இன்னொன்று, மறைவுக்கு அனுமதியில்லாதது. அயர்ன்மேன் வகையில் சாதாரணப் போட்டியாளர்கள் முன்னவரின் முன்சக்கரத்துக்கும் தங்கள் முன்சக்கரத்துக்கும் 12 மீட்டர் விட வேண்டும். முந்தினால் 25 விநாடிக்குள் முந்தி முடிக்க வேண்டும். தவறினால் ஐந்து நிமிடம் நிற்கவைப்பார்கள். இந்த வகையில் ரோடு பைக்கும் செல்லும், டிரை பைக்கும் செல்லும். கேள்வியே இங்கே மட்டும்தான் எழுகிறது.

ரோடு பைக் வைத்திருப்பவர் மேலே சொன்ன எதிலும் வாசலில் திருப்பி அனுப்பப்பட மாட்டார் (எக்ஸ்டென்ஷனைக் கழற்ற வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான்). டிரை பைக் மட்டும் வைத்திருப்பவருக்குத் திறந்திருப்பது ஒரு வாசல்.

இங்கே பயிற்சி எடுப்பது எங்கே

போட்டி ஒரு நாள். பயிற்சி வருடம் முழுவதும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை நம் வாசல் வழியே போகிறது, ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை நீளமான சமதளம். பார்த்தால் டிரை பைக்குக்கென்றே போட்டது போலிருக்கும். பிரதானச் சாலையில் லாரி. சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் டூவீலர், திடீரென நிற்கும் ஷேர் ஆட்டோ, ஓரத்தில் வெடித்த லாரி டயரின் கம்பித் துணுக்கு. படுத்த நிலையில் 35 கி.மீ.இல் போகிறவர் விநாடிக்குக் கிட்டத்தட்ட பத்து மீட்டர் கடக்கிறார். நுனியிலிருந்து கையை எடுத்துப் பிரேக்குக்குக் கொண்டுபோக அரை விநாடி என்றாலும் ஐந்து மீட்டர் போய்விட்டது, இன்னும் பிரேக்கே பிடிக்கவில்லை.

கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையில் ஊருக்கு ஊர் வேகத்தடை. அறுவடைக் காலத்தில் கிராமத்துச் சாலைகளில் கொள்ளு, கேழ்வரகு தாளைப் பரப்பி வண்டிச் சக்கரத்துக்குப் போரடிக்கக் கொடுத்திருப்பார்கள். அதன் மேல் ஏறினால் தாள் செயினில் சுற்றி, கியர் மாற்றும் கையான டிரெய்லியரை ஒடித்துவிடும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஓரத்துச் சீமைக்கருவேல முள்ளுக்கு மெல்லிய ரேஸ் டயர் ஒரு பொருட்டே இல்லை. 28 மி.மீ. டயர், 70 கிலோ ஆளுக்கு 70–75 பிஎஸ்ஐ, கையில் இரண்டு டியூப். பழைய டிரை ஃபிரேம்களில் 23, மிஞ்சினால் 25 மி.மீ.தான் நுழையும். இதுவும் ஒரு கணக்கு.

பாலாற்றுப் பாலத்தில் பக்கக்காற்றை வாங்கியவர்களுக்கு உயரமான ரிம்மின் சங்கதி புரியும். எக்ஸ்டென்ஷனில் கை இரண்டும் நடுவில் சேர்ந்திருக்கும். முன்சக்கரத்தைக் காற்று திருப்பும்போது திருத்தப் போதிய பிடி இருக்காது. முன்சக்கர ரிம் 50 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பாலத்தில் எழுந்து பாரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நடுவழி: ரோடு பைக்கில் கிளிப்–ஆன்

முதல் வண்டி வாங்குகிறவருக்கு எங்கள் பதில் ரோடு பைக்தான், மேலே பூட்டுகிற கிளிப்–ஆன் ஏரோபாரோடு (எக்ஸ்டென்ஷனும் பேட்டும் சேர்ந்த செட்). லெமாண்ட் பூட்டியதும் இந்த வகைதான். ஆனால் வாங்கிப் பூட்டிவிட்டால் போதும் என்று நினைத்துக் கெடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். ஆகவே கொஞ்சம் விரிவாக.

பாரின் நடுப்பகுதி உருண்டையா என்று பாருங்கள். பெரும்பாலான கிளிப்–ஆன் 31.8 மி.மீ. உருண்டைக்குச் செய்தது. நடுப்பகுதி தட்டையான ஹேண்டில்பாரில் அது உட்காராது. கார்பன் பார் என்றால், பூட்டலாம் என்று தயாரித்தவர் சொல்லியிருக்க வேண்டும். போல்ட்டை அதில் அச்சிட்ட அளவுக்கு, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டருக்கு, டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். கை அழுத்தத்தில் "இன்னும் ஒரு சுத்து" என்று இறுக்கினால் கார்பன் உள்ளே நசுங்கும்; வெளியே தெரியாது.

அடுத்து அளவு. எதையும் அசைப்பதற்கு முன் இருப்பதை எழுதுங்கள். பெடல் கைகள் சுழலும் கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை. சீட் முனையிலிருந்து பாரின் நடு வரை. மூன்றாவது அளவுக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சீட் முனையிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் கிராங்க் நடுவுக்கும் உள்ள கிடைத் தூரத்தை அளக்கவும். ரோடு பைக்கில் நூல் பெரும்பாலும் 5 முதல் 8 செ.மீ. பின்னால் விழும். சீட்டின் மட்டத்துக்கு ரசமட்டம்.

இப்போது சீட்டை முன்னே தள்ளுங்கள், ஒரு தடவைக்கு ஒரு செ.மீ. மட்டும். முன்னே தள்ளும்போது பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவிலுள்ள தூரம் குறைகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், ஒவ்வொரு செ.மீ.க்கும் சீட்டை 3 மி.மீ. உயர்த்த வேண்டும். மறந்தால் இரண்டு வாரத்தில் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். சீட்டின் கம்பியில் எல்லைக்கோடு இருக்கும், அதைத் தாண்டிப் பூட்டாதீர்கள். இடம் போதவில்லை என்றால் பின்சாய்வு இல்லாத நேரான சீட் போஸ்ட் ஒன்று மாற்றினால் கிடைத்துவிடும். மூன்று செ.மீ.க்கு மேல் தள்ள வேண்டியிருந்தால் ரோடு ஃபிரேமிடம் முடியாததைக் கேட்கிறீர்கள். முன்பாரம் கூடி ஹேண்டில் படபடக்கும்.

பேட் முழங்கை மூட்டின் மேல் படக் கூடாது, சற்று முன்னால் சதையில் தாங்க வேண்டும். மேற்கை கிட்டத்தட்டச் செங்குத்தாக, முழங்கைக் கோணம் 90க்குச் சற்று மேல். அகலம், தோள் அளவில் தொடங்குங்கள். உயரம்தான் எல்லோரும் தவறும் இடம்: படத்தில் பார்த்ததுபோல முதல் நாளே தாழ்த்துவது. வாஷர்களை அடுக்கி உயர்த்தியே தொடங்குங்கள். மாதம் ஒரு வாஷர் எடுத்தால் போதும். தாழ்ந்து பத்து நிமிடம் படுப்பவரைவிட, இரண்டு செ.மீ. உயரத்தில் இரண்டு மணி நேரம் படுப்பவர் முன்னால் போவார்.

கோளாறு எங்கே என்று வலி சொல்லும். சீட் நுனிக்கே சறுக்கிக்கொண்டு போனால் எக்ஸ்டென்ஷன் நீளம் அதிகம், அல்லது சீட் முனை அளவுக்கு மீறிக் கீழே சாய்ந்திருக்கிறது. ஒன்று முதல் மூன்று டிகிரி சாய்வு போதும். மறைவிடம் மரத்துப்போனால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், முனை பிளந்த குட்டை சீட்டுக்கு மாறுங்கள். இதைக் கடையில் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் ஏரோபாரைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். தோள் எரிந்தால் பேட் எட்டவில்லை. கழுத்து பிடித்தால் பேட் மிகவும் தாழ்வு.

ஓட்டப் பழகுவதை வீட்டில் டிரெயினரில் (சைக்கிளைப் பூட்டி நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) தொடங்கலாம். பிறகு விடியற்காலை, வெறிச்சோடிய நேர்ச்சாலையில் ஒரு கை மட்டும் பேட்டில், மற்றது பாரில். அது நடுங்காமல் வந்தபின் இரண்டு கையும், முதலில் பதினைந்து விநாடி. ஆறேழு வாரத்தில் 20 கி.மீ. எழாமல் ஓட்ட முடிந்தால் நல்ல முன்னேற்றம். தண்ணீர் பாட்டிலை இரண்டு எக்ஸ்டென்ஷனுக்கு நடுவில் கட்டி, உறிஞ்சுகுழாய் வையுங்கள். நம் வெயிலில் மணிக்கு 500 முதல் 750 மி.லி. உள்ளே போக வேண்டும். கீழே குனிந்து எடுக்க வேண்டும் என்றாலே குடிப்பது குறைந்துவிடும்.

டிரை பைக் எப்போது

அந்த 20 கி.மீ. 60 ஆகி, 90 கி.மீ. போட்டியில் பெரும்பகுதியைப் படுத்தே ஓட்ட முடிகிறது, வருடத்துக்கு இரண்டு மூன்று நீண்ட டிரையத்லான் நிச்சயம், மலைக்கும் கூட்டப் பயிற்சிக்கும் ரோடு பைக் கையில் இருக்கிறது என்றால் டிரை பைக் வாங்கலாம். இரண்டாவது வண்டியாக. பாதையையும் பாருங்கள்: சுற்றுக்குச் சுற்று யூ டர்ன் அடிக்கும் பாதையில் திரும்பும்போதெல்லாம் எழுந்து, நின்று, வேகம் பிடிக்க வேண்டும், லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே கழியும். டிரை பைக்கில் வந்தால் ஓட்டத்துக்குத் தொடை மிச்சம் என்று சொல்வார்கள். இடுப்புக் கோணம் திறந்திருப்பது உதவும்தான். சைக்கிளில் அளவு மீறி மிதித்துவிட்டு வந்தவரை எந்தக் கோணமும் காப்பாற்றாது.

பழைய வண்டி மலிவாகக் கிடைத்தால் நான்கு இடத்தில் பாருங்கள். டயர் பக்கச்சுவரில் 650சி என்று இருந்தால் வேண்டாம். பழைய டிரை பைக்குகளிலும் சின்ன அளவுகளிலும் அந்தச் சக்கரம் உண்டு, அதற்கு டயரும் டியூபும் இங்கே கடை கடையாக ஏறினாலும் கிடைக்காது. சீட் போஸ்ட்டைப் போன உரிமையாளர் தன் உயரத்துக்கு அறுத்திருக்கலாம், உருவி எடுத்து அளந்து பாருங்கள். அந்த ஃபிரேமுக்கென்றே செய்த பிரேக், ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு) என்றால் உதிரிப்பாகம் இன்னும் வருகிறதா என்று கேட்டுவிட்டே முன்பணம் கொடுங்கள். நான்காவது, அளவு எண்ணை நம்பாதீர்கள். ரோடு பைக்கில் 54 ஓட்டுகிறவருக்கு டிரை பைக்கில் 54 பொருந்த வேண்டும் என்றில்லை. கிராங்க் நடுவிலிருந்து ஹெட் டியூப் (ஃபிரேமின் முன்குழாய்) உச்சிக்கு உள்ள உயரமும் முன்தூரமும்தான் ஒப்பிட வேண்டிய எண்கள்.

கடைசியாக வியர்வை. படுத்து ஓட்டும்போது முகத்து வியர்வை நேராக ஸ்டெம்மிலும் பேட் போல்ட்டிலும் சொட்டும். உள்ளே கேபிள் ஓடும் பாருக்குள் உப்பு இறங்கி, பாரில் சுற்றிய டேப்புக்கு அடியில் அலுமினியத்தை அரிக்கும். போல்ட் தலை துருப்பிடித்து, கழற்ற வேண்டிய நாளில் சாவி வழுக்கும். ஓட்டி வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். டிரெயினரில் ஓட்டும்போது ஸ்டெம்மின் மேல் ஒரு துண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை டேப்பைப் பிரித்து உள்ளே வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் அந்தப் பாரை மாற்றிவிட வேண்டும்.